அம்பயர் கை தூக்கட்டும்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி என் யோசனை இல்லை. ஆட்டக்காரர்கள் சங்கம் புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. முப்பத்துநாலு வயது தாண்டியவர்கள் எல்லாரும் 'விளையாட்டுக்குப் பின் வாழ்க்கை' என்பதற்கான ஆலோசகரை ஆறு முறை பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் மாநில அணியின் ஒப்பந்தத் தேர்வுக்குப் பெயர் போகாது. எனக்கு முப்பத்தேழு. பதினேழு வருஷமாகத் தொடக்க ஆட்டக்காரன். மரணத்துக்குப் பின் வாழ்க்கை உண்டு என்று எங்கள் சபைப் போதகர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். விளையாட்டுக்குப் பின் உண்டு என்று சொல்ல இவர்கள் யார்?

ஆலோசகர் பெயர் நசீமா. வேலூர் சத்துவாச்சாரிக்காரர். என்னைவிட நாலு வயது சின்னவர். கிரிக்கெட் பார்த்ததே இல்லையாம். ஒரு காலத்தில் தேசிய அளவில் பளு தூக்கியவர். உள்ளே போனதும் கை குலுக்கினார். இதை இடது கையால் எழுதுகிறேன்.

"தினம் ரெண்டு வரி எழுதுங்க சார். நான் படிக்க மாட்டேன். மனசுல என்ன ஓடுதுன்னு உங்களுக்கே தெரியணும், அவ்வளவுதான்."

மனசில் ஓடுவது இதுதான்: எங்கள் கட்டில் சத்தம் போடுகிறது. காலையில் எழுந்திருக்கும்போது 'டக்' என்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 4

வலைப்பயிற்சி. அருமையாக ஆடினேன்.

ஜூன் 5

வலைப்பயிற்சி. அருமை. இரண்டு வரி எழுதச் சொன்னார் என்பதற்காக இந்த இரண்டாவது வரி.

ஜூன் 7, சனி

ஆசாரி வந்தார். கட்டிலின் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். ஸ்குரு எல்லாம் முடுக்கினார். "நீங்க உட்காந்து எந்திரிங்க சார்" என்றார். எழுந்தேன். டக்.

"இப்ப நான் உட்காந்து எந்திரிக்கிறேன்." எழுந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி ஷீபாவை உட்கார்ந்து எழச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி என்னை. டக்.

ஆசாரி கட்டிலைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். "கட்டில் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷீபா சமையலறைக்குள் போய்ச் சிரிப்பது கேட்டது. இந்தக் காலத்தில் வேலை தெரிந்த ஆசாரி கிடைப்பதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது சந்திப்பு. நசீமா மேடத்தின் அலுவலகம் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. படிக்கட்டில் டைல்ஸ் எல்லாம் லூசாக இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் டக் டக்கென்கிறது. சொல்லலாம் என்று நினைத்தேன், மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

என் திறமைகளைப் பட்டியல் போடச் சொன்னார். ஒன்று, தொடக்க ஆட்டம். இரண்டு, பொறுமை. மூன்றாவதற்கு யோசித்துவிட்டுப் 'பொறுமை' என்றே மறுபடியும் எழுதினேன்.

"என்ன மாதிரி பொறுமை சார்?"

விளக்கினேன். பந்து மட்டையின் ஓரத்தில் லேசாக உரசிக் கீப்பர் கைக்குப் போனால் அவுட். உரசியது மட்டை பிடித்தவனுக்குக் கட்டாயம் தெரியும். சில உத்தமர்கள் அம்பயர் தீர்ப்புச் சொல்லும் முன் தாங்களே நடையைக் கட்டிவிடுவார்கள். நான் நடந்ததே இல்லை. அம்பயர் கை தூக்கட்டும், போகிறேன். அதுவரை நின்ற இடத்தில் நிற்பேன். முழங்கையைத் தேய்ப்பேன், பந்து அங்கே பட்டது போல. பிறகு அம்பயரைப் பார்த்து, "சார், எத்தனை பந்து இருக்கு?" என்று கேட்பேன். அவர் கையிலிருக்கும், பந்து எண்ணும் கவுண்டரைப் பார்க்கக் குனிந்தால் பாதி ஜெயித்தாச்சு.

"ஒரு தடவைகூட நீங்களா போனது இல்லியா?"

"ஒரு தடவைகூட இல்ல மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எங்க ஆட்டத்துல வெயிட்டைத் தலைக்கு மேல தூக்கிட்டு ஆடாம நிக்கணும். கீழ போடுன்னு நடுவர் சிக்னல் குடுப்பாரு. குடுத்ததும் போட்டுடணும்."

"குடுக்கலேன்னா?"

"அதைத்தான் சார் நானும் யோசிச்சிட்டு இருந்தேன், ரெண்டு வருஷம்."

வரும்போது படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன், டைல்ஸ் மேல் நம்பிக்கை இல்லாததால்.

ஜூன் 13

கேப்டன் நிரஞ்சன் ஃபீல்டிங்கில் என்னை ஸ்லிப்பிலிருந்து மிட் ஆனுக்கு மாற்றினான். அங்கே அனுபவசாலி வேண்டுமாம். அரை மணி கழித்து மிட் ஆனிலிருந்து ஃபைன் லெக். அங்கேயும் அனுபவசாலி வேண்டுமாம். பந்து வராத இடங்களில் அனுபவத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது சந்திப்பு. டைரியைப் படிக்க மாட்டேன் என்ற வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் எதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்று என்னையே எண்ணச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். பின்பக்கத்தில் தனியாகக் கிறுக்கி வைத்ததையும் சேர்க்கச் சொன்னார்.

பேட்டிங்: ஒன்றரைப் பக்கம். அதில் பாதி 'அருமை'.

கட்டில், டைல்ஸ் முதலியன: இரண்டு பக்கம்.

அம்பயர்கள்: பதினாலு பக்கம்.

நான் என்ன செய்வது? பதினேழு வருஷம் அவர்கள் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவன். எந்த அம்பயர் சாப்பாட்டுக்கு முன் சீக்கிரம் கை தூக்குவார், யாருக்கு இடது காது மந்தம், யார் பந்துவீச்சாளர் கத்தினால் மட்டும் பயந்து யோசிப்பார், எல்லாம் அத்துப்படி. அப்பாதுரை சாருக்கு மட்டும் மூன்று பக்கம். நல்ல மனிதர், ஐம்பத்தெட்டு வயது. எத்தனை பந்து என்று கேட்டால் கவுண்டரைப் பார்ப்பார், சந்தேகம் வந்து விரல் விட்டு எண்ணுவார், பிறகு எதிர்ப்பக்க அம்பயரிடம் சைகையில் கேட்பார். அதற்குள் அப்பீல் ஆறிப்போயிருக்கும். அவர் புண்ணியத்தில் நான் அடித்த சதங்கள் மூன்று.

"சார், நீங்களே ஏன் அம்பயர் ஆகக் கூடாது?" என்றார் நசீமா மேடம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கை குலுக்கினார். இந்த முறை நான் இடது கையைக் கொடுத்தேன்.

ஜூன் 21, சனி

நசீமா மேடத்தின் ஏற்பாட்டில் இரண்டு ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே நடந்த ஆட்டத்தில் அம்பயராக நின்றேன். தாம்பரம் பக்கம் ஒரு மைதானம். மதியச் சாப்பாடு தருவதாகச் சொன்னதால் போனேன். பிரியாணியில் முட்டையைக் காணோம்.

பதினோராவது ஓவர். கண்ணாடி போட்ட ஒரு பையன், முப்பது அடித்திருந்தான். பந்து ஓரத்தில் உரசியது, எனக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லாரும் கத்தினார்கள். பையன் முழங்கையைத் தேய்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "சார், எத்தனை பால் இருக்கு?" என்றான்.

என்னிடமே! நான் கவுண்டரைப் பார்க்கவில்லை. "உனக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்று கையைத் தூக்கினேன். அந்த ஒரு விரல் மேலே போனபோது உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. அடுத்து ஒரு எல்.பி.டபிள்யூ கேட்டார்கள், கொடுக்கவில்லை. பந்து லெக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கத்தினார்கள், முறைத்தேன், அடங்கினார்கள். நாற்பது ஓவர் நின்றேன், ஓடவே வேண்டாம். எனக்குத் தெரிந்த எல்லாமே அங்கே தேவைப்பட்டது.

ஒன்று மட்டும் உறுத்தியது. கடைசியில் நிக் என்று ஓர் அப்பீல். உரசியதா இல்லையா, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆடியவனின் முகத்தைப் பார்த்தேன். அவன் எங்கேயோ பார்த்தான். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்படி நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது! அப்பாதுரை சாரை எத்தனை தடவை அப்படி நிறுத்தியிருப்பேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நாட் அவுட் கொடுத்தேன்.

மொத்தத்தில் சுமாரான நாள். (இந்தப் பதிவு நாலு பக்கம் வந்துவிட்டது. எழுத்து பெரிதாகிவிட்டதுதான் காரணம்.)

ஜூன் 24, செவ்வாய்

நான்காவது சந்திப்பு. மேடம் ஒரு விண்ணப்பப் படிவத்தை மேஜைமேல் வைத்தார். மாநில அம்பயர் தேர்வு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். வயது வரம்பு முப்பத்தெட்டு. இதை விட்டால் எனக்கு அடுத்தது கிடையாது. கடைசித் தேதி ஜூலை 15. படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி: 'இன்று முதல் நான் போட்டி ஆட்டக்காரன் அல்ல.' கீழே கையெழுத்து.

மாநில அணியின் ஒப்பந்தப் பட்டியல் வருவது ஜூலை 20.

"அஞ்சு நாள்தானே மேடம் வித்தியாசம். பட்டியலைப் பார்த்துட்டு கையெழுத்துப் போடறேனே?"

"அவங்க பதினஞ்சாம் தேதியோட மூடிடுவாங்க சார்."

"தேதியை மாத்தச் சொல்லுங்க."

"எந்த விளையாட்டுல சார் அப்படிச் செய்வாங்க?"

ஃபாரத்தை மடித்து டைரிக்குள் வைத்தேன். டைரி மூட மாட்டேன் என்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

சபையில் முழங்காலில் நின்றோம். ஜெபம் முடிந்து எழும்போது டக். மூன்று பெஞ்சு தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சுகள் பழசு.

வெளியே வந்ததும் ஷீபா, "டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிட்டு வந்துருவமா?" என்றாள்.

"பெஞ்சையா?"

"ஆமா, பெஞ்சத்தான். எத்தன நாளைக்கி இப்பிடி ஊரு உலகத்துல உள்ள கட்டிலு, படி, பெஞ்சு எல்லாத்தயும் கொற சொல்லிக்கிட்டு அலையப் போறிய?"

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் எடுத்தால் தேர்வாளர்களுக்குத் தெரிந்துபோகும். எதுவுமே இல்லாத முட்டிக்கு எதற்கு ஸ்கேன்?

ஜூலை 1

ஐந்தாவது சந்திப்பு. போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன். உண்மையாகவே இரண்டு மாடி ஏறத் தெம்பில்லை, தலைவலியால்.

ஜூலை 2

மேடத்தின் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடையில் நின்றிருந்தேன், மேடமே இறங்கி வந்துவிட்டார். "இதுவும் கணக்குல சேர்த்தி சார்" என்றார். இருபது நிமிஷம் பேசினோம். ஃபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கடைசிச் சந்திப்பு. ஏறினேன். கத்தினேன்.

"நல்லா ஆடிட்டு இருக்கேன் மேடம். நானா எதுக்குப் போகணும்? வேண்டாம்னு அவங்க சொல்லட்டும், போறேன். பதினேழு வருஷம் அப்படித்தான் ஆடியிருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. "எனக்கு இருபத்தாறு வயசுல தோள்பட்டை போச்சு சார். கேம்ப்புக்குக் கூப்பிட்டு லெட்டர் வரும்னு உட்காந்திருந்தேன். வேணாம்னாவது ஒரு லெட்டர் வரும்னு நெனச்சேன். ரெண்டுமே வரல. ரெண்டு வருஷம் போஸ்ட்மேனைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவரு எங்க வீட்டு வழியா வர்றதையே நிறுத்திட்டாரு பாவம், பின்தெரு வழியா சுத்திப் போனாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"யாரும் கை தூக்க மாட்டாங்க சார். கூப்பிடறதை நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான்" என்றார்.

வரும்போது கோபமாகத்தான் வந்தேன். யார்மேல் கோபம் என்று பேருந்தில் யோசித்தேன். அதற்குள் நான் இறங்க வேண்டிய பெரம்பூர் வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

தேர்வுக்கான மூன்று நாள் ஆட்டம் தொடங்கியது. மாநிலத் தேர்வாளர்கள் பந்தலில். அம்பயர் அப்பாதுரை சார். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? முதல் இன்னிங்ஸ், ஒன்பது ரன். போல்டு. அதில் அம்பயருக்கு வேலையே இல்லை.

ஜூலை 13

நாள் முழுக்க ஃபைன் லெக்.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் நன்றாக ஆடினேன். இதை 'அருமை' என்று முன்பு எழுதிய மாதிரி எழுதவில்லை, மெய்யாகவே நன்றாக ஆடினேன். மதியத்துக்குள் தொண்ணூற்றொன்று. தண்ணீர் இடைவேளையில் மேனேஜர் உள்ளே வந்து காதில் சொன்னார்: "நூறு அடிச்சிருங்க எட்வின். அதுக்கப்புறம் எவனும் உங்க பேரை எடுக்க முடியாது."

அடுத்த ஓவர். வெளியே போகும் பந்து, முன்காலை நீட்டி விளாசப் போனேன். டக்.

கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு வானத்துக்கு எறிந்தான். பந்துவீச்சாளர் அலறினான். பாயிண்டில் நின்றவன்கூடக் கேட்டுவிட்டுக் கத்தினான். நானும் கேட்டேன். என் கை தன்னாலே முழங்கையைத் தேய்க்கப் போனது.

அப்பாதுரை சார் என்னைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். தாம்பரத்தில் நான் அந்தப் பையனைப் பார்த்த மாதிரியே. பிறகு தலையை ஆட்டி, "நாட் அவுட்" என்றார்.

நியாயமாக எனக்குக் குதூகலமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மூன்று சதத்துக்கு அந்த மனிதர் எத்தனை வசவு வாங்கியிருப்பார். தேர்வாளர்கள் இருக்கிறார்கள், இன்னும் ஒன்பது ரன்தான், எல்லாம் தெரியும். மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெவிலியனை நோக்கி நடந்தேன்.

"எட்வின்! எங்கப்பா போற? நாட் அவுட்டுன்னு சொல்லிட்டேனே!"

"தெரியும் சார்."

"பாத்ரூமா?"

"இல்ல சார். பட்டுச்சு."

அவர் பின்னாலேயே பத்தடி வந்தார். "திரும்பி வா. தப்பா நெனச்சிட்டுப் போறவனைக் கூப்பிடணும்னு விதி இருக்கு. கூப்பிடறேன், வா."

"தப்பா நினைக்கல சார். மட்டையில பட்டுச்சு, எனக்குத் தெரியும்."

எதிரணியில் ஒருவரும் கொண்டாடவில்லை. அப்பீல் செய்த பந்துவீச்சாளரே, "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அப்பாதுரை சார் கடைசியில் பேருந்தை நிறுத்துகிறவர் மாதிரி அரைமனதாக ஒரு விரலைத் தூக்கினார். தூக்கும்போது நான் பாதி தூரம் வந்திருந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. முதல் முறையாக யாரும் போகச் சொல்லாமல் போகிறேன் என்ற நினைப்பே பெருமையாக இருந்தது.

பெவிலியனில் நிரஞ்சன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். அணியின் வீடியோ. மட்டைக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி. ஒரு தோசைக்கரண்டியை நுழைக்கலாம்.

"படவே இல்லண்ணே! பக்கத்துலகூட இல்ல!"

நாலு தடவை போட்டுக் காட்டினான். நாலு தடவையும் படவில்லை. "அப்ப அந்தச் சத்தம்?" என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். மட்டை தரையில் பட்டதா? இல்லை. பேடில்? இல்லை. ஷூ? மட்டைப் பிடி விரிசலா? என் மட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். உட்காரலாம் என்று பெஞ்சில் குனிந்தேன்.

டக்.

ஒருவரும் பெஞ்சைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார்கள்.

பதினேழு வருஷம் அவுட்டாகி நின்றேன். ஒரே ஒரு நாள் நடந்தேன், அன்றைக்கு அவுட் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தொண்ணூற்றொன்று! மேனேஜர் வந்து, "சரி, இருபதாம் தேதி வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

ஆட்டம் முடிந்து அப்பாதுரை சார் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார்.

"அது மட்டைச் சத்தம் இல்லப்பா" என்றார். "மட்டையில பட்டா வேற மாதிரி கேட்கும். எனக்கும் ரெண்டு முட்டி இருக்கு. எட்டு வருஷமா அதே சத்தம்தான். அதான் நாட் அவுட் குடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்!"

"அம்பது பேரு முன்னாடி 'அது உன் முட்டிடா'ன்னு கத்தச் சொல்றியா? தேர்வாளருங்க உட்காந்திருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. நீ நடந்தப்ப, எனக்கு என் காது மேலயே சந்தேகம் வந்துடுச்சு. இவனே போறான்னா பட்டுத்தான் இருக்கணும்னு நெனச்சேன். அதான் விரலைத் தூக்கினேன். வாழ்க்கையில மொத தடவையா உன்னை நம்பினேன். இன்னிக்கும் ஏமாத்திட்டியே!"

இரண்டு பேரும் கார் மேல் சாய்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்தேன். ஃபாரத்தில் 'அறிமுகம் செய்பவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, காரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் பத்து மணிக்கே இரண்டு மாடி ஏறினேன். நசீமா மேடம், "ஆறு முறை முடிஞ்சிடுச்சே சார்" என்றார். ஃபாரத்தை நிரப்ப ஒரு மேஜை வேண்டும் என்றேன். தன் மேஜையையே காலி செய்து கொடுத்தார். நேற்று நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர் மேஜையில் குத்தியதில் என் பேனா உருண்டு விழுந்தது.

ஷீபாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பட்டியல் வர இன்னும் அஞ்சு நாளு கெடக்கே, உங்க பேரு வந்துட்டா?" என்றாள். வந்தால் வரட்டும் என்றேன். "சாயந்தரம் டாக்டர்ட்ட பேரு குடுத்துருதேன்" என்றாள். சரி என்றேன்.

உறுதிமொழியின் கீழே கையெழுத்துப் போட்டேன். ஃபாரத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'உடல் குறைபாடுகள் இருப்பின் குறிப்பிடவும்.' கட்டிலிடமும் டைல்ஸிடமும் சபைப் பெஞ்சிடமும் ஒரு முறை மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தெளிவாக எழுதினேன்:

'இடது முட்டி. சத்தம் வரும். இருபத்திரண்டு கஜம் தள்ளி நிற்கும் அம்பயருக்கும் கேட்கும்.'